ஆறாவது முயற்சி

ஜெராக்ஸ் கடைக்காரி எறிந்த மூன்று கிலோ இரும்புக் குண்டு இன்னும் தரைக்கு வரவில்லை. எறிந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. விளையாட்டரங்கத்தின் தெற்கு மூலையில், நாலு மாடி உயரத்தில், வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. மேகமூட்டமான நாளில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் பேருந்து நிறுத்தத்திலிருந்தே தெரியும். துருப்பிடிக்கவில்லை. காக்கை உட்காருவதில்லை, வழுக்கும் போலிருக்கிறது.

அது எறியப்பட்ட வருஷம் மாற்றுத்திறனாளிகளுக்கான உலக விளையாட்டுப் போட்டி முதல் தடவையாக நம் நாட்டில் நடந்தது. நாற்பத்தொன்பது நாடுகள் வந்திருந்தன. நகரம் முழுக்கச் சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டினார்கள். கட்டிய வேகத்தில், படிக்கட்டே இல்லாத தபால் நிலையத்துக்கும் ஒன்றைக் கட்டிவிட்டதால், அங்கே இன்றைக்கும் ஏறி இறங்கித்தான் தபால்தலை வாங்க வேண்டும். சொந்த மண் என்பதாலோ என்னவோ, நம் ஆட்கள் வெளுத்து வாங்கினார்கள். இரண்டு கைகளும் இல்லாத நீச்சல்காரர் இரண்டு தங்கம் எடுத்தார். கரையேறிய பிறகும் அவர் மேலிருந்து தண்ணீர் வடிவது நிற்கவில்லை. பரிசு மேடையில், பேட்டியில், பேருந்தில் என்று ஒன்பது நாள் வடிந்தது. அவர் மனைவி துடைப்பத்தோடு பின்னாலேயே போனாள். பதக்கம் உங்களுக்கு, தரை துடைக்கிறது எனக்கா என்று அவள் கேட்டது நியாயம்தான். பார்வையற்ற ஓட்டக்காரர் நானூறு மீட்டரில் வெள்ளி வாங்கினார். அவரும், கயிறு பிடித்துக் கூட ஓடியவரும் கோட்டைத் தாண்டிப் பதினோரு வினாடி கழித்து அவருடைய நிழல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. நேரம் குறிப்பவர் அதைத் தனித் தாளில் எழுதிக்கொண்டார். மற்றவர்களுக்கு இப்படி ஒன்றும் நேரவில்லை. ஜெயித்தார்கள், அழுதார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை வரை இருபத்திரண்டு பதக்கம்.

சிக்கல் என்னவென்றால், முந்தைய தடவை போட்டியை நடத்திய நாடும் தன் மண்ணில் சரியாக இருபத்திரண்டுதான் வாங்கியிருந்தது. அமைப்புக் குழுச் செயலாளருக்கு இது தொண்டையில் முள்ளாக நின்றது. மிச்சமிருந்த போட்டிகளில் நம் ஆள் பதக்கம் பார்க்கக்கூடியது செவ்வாய்க்கிழமை பெண்கள் அமர்ந்து எறியும் குண்டு எறிதல் ஒன்றுதான். பெரிய அளவென்றால் ஒரு நாள் முன்னாடியே சொல்லணும் சார் என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கறாராகச் சொன்னதால், செயலாளர் திங்கட்கிழமையே அடிக்கக் கொடுத்துவிட்டார். 'பதக்கம் வென்ற நம் இருபத்து மூவர்' என்று அரங்க வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியது. இருபத்து மூன்றாவது வட்டத்துக்குள் ஜெராக்ஸ் கடைக்காரியின் பாஸ்போர்ட் அளவுப் படம். எறியும் குண்டை அவள் அப்போது கையில்கூட எடுத்திருக்கவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போனவள். ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே கடை. பதினெட்டு வருஷம் காகிதக் கட்டு தூக்கியதில் தோள்கள் இரண்டும் திரண்டிருந்தன. பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து உலகப் போட்டிகளுக்குப் போய் ஐந்திலும் நாலாவது வந்தாள். ஒரு தடவை ஐந்து சென்டிமீட்டரில், ஒரு தடவை மூன்றில், ஒரு தடவை ஒன்றே ஒன்றில் பதக்கம் போனது. தெருவில் அவளுக்குப் பெயரே நாலாம் நம்பர். 'நாலாம் நம்பர்ல போய் ரெண்டு காப்பி எடுத்துட்டு வா' என்பார்கள். கடையின் கதவு எண்ணைத்தான் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள். கதவு எண் பதினேழு.

எறிவதற்கான நாற்காலியைச் செய்தவர் அவள் அண்ணன். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போடும் வெல்டர். ஒவ்வொரு தடவை நாலாவது வரும்போதும், தப்பு நாற்காலியில்தான் என்று சொல்லி அரை அங்குலம் ஏற்றுவார், முதுகை ஒரு கோடு சாய்ப்பார், கை பிடிக்கும் கம்பத்தை நகர்த்துவார். வளைத்த பூ ஒன்று இல்லாமல் அவருக்குக் கம்பி வேலை ஓடாது. ஆகவே நாற்காலி முதுகிலும் ஒரு பூ இருந்தது. சோதித்த நடுவர், பூவினால் தூரம் கூடாது என்று எழுதி அனுமதித்தார்.

அமர்ந்து எறிவதில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியைத் தரையோடும் ஆளை நாற்காலியோடும் பட்டை போட்டு இறுக்க நேரம் ஆகும் என்பதால், ஒருத்தி உட்கார்ந்தால் ஆறு முயற்சிகளையும் வரிசையாக எறிந்துவிட்டுத்தான் எழுவாள், அப்புறம்தான் அடுத்தவள். அன்றைக்குப் பத்துப் பேர். ஜெராக்ஸ் கடைக்காரி ஒன்பதாவது. அவளுக்குப் பின்னால் ஒரே ஒருத்தி, கடல் தாண்டி ஏதோ தீவிலிருந்து வந்த மீன்காரி. சந்தையில் மீன் வெட்டுபவள், ஒரு கால் முழங்காலோடு சரி. இந்த மீன்காரி அந்த ஐந்து போட்டிகளிலும் ஐந்தாவதாக வந்தவள். முடிவுப் பட்டியலில் இருவரும் மேல்வீடு கீழ்வீடு போலப் பன்னிரண்டு வருஷம் குடியிருந்தார்கள். பாஷை தெரியாது. பார்த்தால் தலையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் இடம் அப்போது எட்டு மீட்டர் நாற்பதில் நின்றது. அவளுடைய முதல் ஐந்தில் நல்லது எட்டு முப்பத்தேழு. மறுபடி நாலு. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறாவது குண்டைக் கழுத்தோடு வைத்து, கம்பத்தைப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தத்தோடு தள்ளினாள். காலை பத்து நாற்பது. குண்டு மேலே போயிற்று. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளைக் கொடி ஒரு கையிலும் சிவப்புக் கொடி ஒரு கையிலும் பிடித்திருந்த நடுவர் ஒரு பள்ளிக்கூடத்துப் பி.டி. மாஸ்டர். விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். அவர்தான் முதலில் அண்ணாந்தார். குண்டு மேலே மெதுவாகச் சுற்றிக்கொண்டு நின்றது.

"யாரும் அசையாதீங்க," என்றார். அப்புறம் அவளைப் பார்த்து, "ஏம்மா, முக்கியமா நீங்க. குண்டு தரையைத் தொடற வரைக்கும் இடுப்பு சீட்டை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. எழுந்தா ஃபவுல்."

"எப்ப சார் தொடும்?"

"அது என் கையில இல்லம்மா."

எறிவதற்கு ஒரு நிமிஷம்தான் என்று விதியில் இருந்தது. விழுவதற்கு எவ்வளவு என்று இல்லை. எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. மதியத்துக்குள் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து, ஏணியும் தூக்குநூலும் வைத்துப் பார்த்தார்கள். நேராக இறங்கினால் எட்டு தொண்ணூற்றிரண்டு. சந்தேகமில்லாமல் பதக்கம். செயலாளர் கைகூப்பிக்கொண்டு ஓடி வந்தார். "அம்மா, நாட்டோட மானமே இப்ப உங்க இடுப்புலதான் இருக்கு. ஆடாம அசையாம இருங்க."

அவள் ஆடாமல் அசையாமல் இருந்தாள். செவ்வாய் போயிற்று, புதன் வந்தது. தீயணைப்பு வண்டி ஏணியை நீட்டி ஒரு ஆள் குண்டருகே போனார். வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். தொட்டால் இடையூறு, முயற்சி செல்லாது என்று மாஸ்டர் கீழிருந்து கத்திய கத்தில் ஏணியே சுருங்கிவிட்டது. இயற்கை உபாதைக்கு அண்ணன் ஒரு வழி செய்தார்: நாற்காலிக்கு அடியில் படுத்துக் கட்டரால் ஒரு வட்டம் வெட்டினார், சுற்றிலும் படுதா கட்டினார். இடுப்பு இருக்கையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சான்று கொடுத்தார். அதற்கு மேல் விவரம் வேண்டாம். கம்பத்தில் தலை சாய்த்துத் தூங்கினாள். மாஸ்டரும் போகவில்லை. கொடிகளைக் கீழே வைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, ஆனாலும் வைக்கவில்லை; சாப்பிடும்போது வெள்ளையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

சாப்பாடு கொண்டுவந்தது அண்ணி. டிபன் கேரியரோடு காலையில் வந்து எறியும் வட்டத்துக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்காருவாள். மீன்காரியும் அங்கேயே இருந்தாள். அடுத்து எறிய வேண்டியவள் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. குண்டு எந்த நொடியும் விழலாம் அல்லவா? விழுந்தால் அடுத்த நிமிஷம் அவள் எறிய வேண்டும். தோள் ஆறிப்போயிருந்தால் எறிய முடியாது. ஆகவே மணிக்கு ஒரு தடவை எழுந்து, ரப்பர் பட்டையைக் கம்பியில் மாட்டி, இழுத்து இழுத்துத் தோளைச் சூடேற்றிக்கொண்டாள். அண்ணி தன் பாஷையில் அவளோடு பேசுவாள், அவள் தன் பாஷையில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் ஒரு இடத்திலும் தடங்கல் வந்ததில்லை.

"என்ன அண்ணி சொல்றா?" என்று ஜெராக்ஸ் கடைக்காரி கேட்டாள்.

"மாமியார் பொல்லாதவளாம். பெரிய மீனை வெட்டத் தரமாட்டாளாம், அவளே வெட்டுவாளாம்."

"அது எப்படி உனக்குப் புரிஞ்சுது?"

"மாமியாரைப் பத்திப் பேசும்போது மூஞ்சி ஒண்ணுதான, பாப்பா. எனக்குத் தெரியாதா? உங்கம்மாகிட்ட பத்து வருஷம் இருந்திருக்கேன்."

மணிக்கு மணி சூடேற்றிய அந்தத் தோள் வியாழக்கிழமை வீங்கிவிட்டது. மீன்காரி ஐஸ் கட்டியை வைத்துக் கட்டினாள். கட்டை அவிழ்த்து ரப்பர் பட்டையை இழுத்தாள். மறுபடி கட்டினாள். குண்டு எப்போது விழும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரிக்குப் பதக்கம் வேண்டும். இதை மூடி மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஐந்து நாடுகளில் பரிசு மேடையை அவள் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். கம்பளத்துக்கு அடியில் எத்தனை போல்ட்டு என்பது தெரியும். மேலேயிருந்து பார்த்தால் கூட்டம் எப்படித் தெரியும் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த மூன்று நாளில் பதக்கத்தைக் கடையில் எங்கே மாட்டுவது என்பதுவரை யோசித்து முடித்திருந்தாள். வெயில் பட்டு மங்கிவிடும். ஆகவே ஜெராக்ஸை மாட்டிவிட்டு அசலை அலமாரியில் வைப்பது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குச் செயலாளர் வந்து குனிந்து ரகசியமாகச் சொன்னார். "நாலு மணிக்கு மைதானத்தை மூடிடுவோம், அஞ்சு மணிக்கு நிறைவு விழா. நீங்க உக்காந்தே இருங்கம்மா, ராத்திரி விழுந்தாலும் சரி, அடுத்த வாரம் விழுந்தாலும் சரி, இருபத்திமூணு இருபத்திமூணுதான்."

"அப்ப அவ?"

"எவ?"

"மீன்காரி. அவ எப்ப எறியறது?"

"அவங்க பேருக்கு நேரா 'எறியவில்லை'ன்னு போட்டுருவோம். அதுக்கு விதியில இடம் இருக்கு. ஏழு மணிக்கு அவங்களுக்கு ஃப்ளைட்டு வேற."

ஜெராக்ஸ் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். மீன்காரி இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். நாலாவது வந்த ஒவ்வொரு தடவையும், தனக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்பதில் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அப்போதெல்லாம் மீன்காரி எறிந்து தோற்றவள். எறியவே விடாமல் ஒருத்தியைப் பின்னால் வைத்துக்கொள்வது கணக்கில் சேராது என்று தோன்றியது.

"அண்ணே, பட்டையைக் கழட்டு."

"ஏன், இறுக்குதா?"

"கழட்டுன்னா கழட்டு. எந்திரிக்கப் போறேன்."

அண்ணன் பட்டையில் வைத்த கையை எடுத்துவிட்டார். "பாப்பா, எட்டு தொண்ணூத்திரெண்டு. உன் கண்ணாலயே பாரு, மேல நிக்குது."

"மூணு நாளா அதைத்தான பாத்துட்டிருக்கேன், கழுத்தே போச்சு. அது வர்ற மாதிரி தெரியல. இவளாவது எறியட்டும்."

"இன்னும் அரை மணி நேரம் பாப்போம்டா."

"அவ கை அரை மணி நேரம் தாங்காது."

செயலாளர் குறுக்கே விழுந்தார். "அம்மா, நாடு என்ன சொல்லும்?"

"நாட்டுக்குத்தான் இருபத்திரெண்டு இருக்கில்ல. அவளுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சும்மா!"

"என் மூஞ்சிய வெட்டிடுங்க. கத்தரிக்கோல் கடையில இருக்கு, அண்ணி எடுத்துத் தருவா."

பன்னிரண்டு பத்துக்குக் கம்பத்தைப் பிடித்துக் கைகளால் உடம்பைத் தூக்கினாள். இடுப்பு எழுந்தது. அரங்கமே அண்ணாந்து பார்த்தது. குண்டு ஒரு நூல் அளவும் அசையவில்லை. சக்கர நாற்காலிக்கு மாறி, வட்டத்தைத் தாண்டி, ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே இருந்தாள். அந்தக் கால் மணி நேரம் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அண்ணி முக்காலியை நகர்த்தி மறைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் சிவப்புக் கொடியை எடுத்தார். தோள்வரை தூக்கினார். அங்கேயே நின்றுவிட்டார். விதிப் புத்தகத்தை வாங்கி இருபது நிமிஷம் படித்தார். 'முயற்சி முடிந்த பின்னரே நடுவர் கொடி உயர்த்த வேண்டும்' என்று இருந்தது.

"முயற்சி எப்ப முடியுது? குண்டு தரையில பட்டதும். பட்டுச்சா? படல. முடியாத முயற்சிக்கு நான் எப்படிய்யா கொடி தூக்கறது?"

"அவங்கதான் எந்திரிச்சுட்டாங்களே!" என்றார் செயலாளர். எந்தப் பக்கம் பேசுகிறோம் என்பது அவருக்கே அப்போது மறந்துவிட்டது.

"எந்திரிச்சது தப்புதான் சார். தப்புன்னு சொல்றதுக்கு இன்னும் நேரம் வரல." இரண்டு கொடிகளையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மீன்காரியை உட்காரவைத்துப் பட்டை இறுக்கியது வெல்டர்தான். மற்றவர்களுக்கு அத்தனை வேகமாக வராது. முதல் குண்டு ஏழு மீட்டரைத் தாண்டவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதுக்குப் பின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நாலாவது, ஐந்தாவது கொஞ்சம் கொஞ்சம் கூடியது. ஆறாவது விழுந்த இடத்தில் ஆணி குத்தி நாடாவை இழுத்தார்கள்: எட்டு மீட்டர் நாற்பத்தாறு. மூன்றாம் இடம். விழுந்ததா என்று உறுதி செய்துகொள்வது போல அவள் முதலில் ஆகாயத்தைப் பார்த்தாள், பிறகுதான் கத்தினாள். மேடையில் நின்ற நேரம் முழுக்க ஒரு கண்ணைத் தலைக்கு மேலேயே வைத்திருந்தாள். அது விழுந்தால் தன் பதக்கம் என்ன ஆகும் என்று அண்ணி மூலம் கேட்டதற்கு, விழட்டும், பார்க்கலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். விமானத்துக்குக் கிளம்புமுன் நல்ல கையால் ஜெராக்ஸ் கடைக்காரியின் கழுத்தைச் சுற்றி வளைத்து, தன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னாள்.

"விழுந்தா எழுதுங்கறா," என்றாள் அண்ணி.

முடிவுப் பட்டியலில் எட்டு நாற்பது எறிந்தவள் நாலாவதாக இறங்கினாள். ஜெராக்ஸ் கடைக்காரியின் பெயருக்கு நேரே இடம் எதுவும் போடவில்லை. ஆறாவது கட்டத்தில் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவள் நாலாவது வராத முதல் உலகப் போட்டி அது. ஃப்ளெக்ஸில் அவள் முகத்தை வட்டமாக வெட்டி எடுத்தார்கள், அந்த ஓட்டை வழியாக ஒரு வாரம் காற்று போய் வந்தது. தெருவில் நாலாம் நம்பர் என்று கூப்பிட்டால் இப்போது பொய்யாகிவிடும் என்பதால் வெறுமனே ஜெராக்ஸ் அக்கா என்றார்கள்.

பிறகு வருஷங்கள் ஓடின. வட்டத்தைச் சுற்றி வேலி போட்டு, எறிகிற இடத்தை வடக்கு மூலைக்கு மாற்றினார்கள். விமானங்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டன. கொடி தூக்க ஒரு ஆள் வேண்டுமே என்று துறையில் நிரந்தரப் பணியிடம் ஒன்று உருவானது. மாஸ்டர் ஓய்வு பெறும்வரை அதில் இருந்தார். இப்போது மூன்றாவது ஆள், ஒரு அம்மா, இரண்டு கொடிகளோடு குடைக்கு அடியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறார். ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விழுந்ததாகக் கொள்ளப்படும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அண்ணன் கண் மங்கி வெல்டிங்கை விட்டார். குண்டு மட்டும் நன்றாகத் தெரிகிறது என்பார். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மீன்காரியிடமிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். அவள் பாஷையில் ஒரே ஒரு சொல், பக்கத்தில் கேள்விக்குறி. "விழுந்துச்சாங்கறா" என்று அண்ணி படித்துச் சொல்வாள். பதக்கத்தைச் சுவரில் மாட்டாமல் மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறாள் என்பதும் அந்த ஒரு சொல்லிலேயே அண்ணிக்குத் தெரிந்தது. முதல் வருஷமே ஜெராக்ஸ் கடைக்காரி ஒரு பதில் எழுதினாள்: 'இன்னும் இல்லை. நலம். தோள் எப்படி?' எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்தைந்து பிரதி எடுத்து வைத்து, வருஷா வருஷம் தேதி மட்டும் போட்டு ஒன்று அனுப்பினாள்.

போன மாதம் கடிதம் வந்தபோது பிரதி தீர்ந்திருந்தது. அவளுக்கு வயது அறுபத்தேழு. கடையில் நாலைந்து பேர் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள், கொஞ்சம் பொறுங்கப்பா என்று சொல்லிவிட்டு அசலைக் கண்ணாடி மேல் கவிழ்த்தாள்.

"இன்னொரு இருபத்தஞ்சு போதுமா பாப்பா?" என்றாள் அண்ணி.

"அம்பதா எடுத்துக்கலாம் அண்ணி. அடிக்கடி யாரு எடுக்கறது?"

ஐம்பது என்று அழுத்தினாள். தாள் சூடாக வர ஆரம்பித்தது.